எவ்வளவு எடுப்பது, எவ்வளவு மிஞ்சும்

மலேசியாவில் சிரம்பானை அடுத்த செனாவாங் தொழிற்பேட்டையில் சிஃப்டு முடிந்து மோட்டாரில் கிளம்பும் பிள்ளைகளில் கண்ணாடி போட்டவர்கள் நிறைய. குளிரூட்டிய தொழிற்கூடத்திலிருந்து வெளியே கால் வைத்ததும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஹெல்மட் போட்டால் கண்ணாடியின் கம்பி காதுமேல் அழுத்தும். மழை பிடித்துக்கொண்டால் எதிரே வரும் லோரியின் விளக்கு நூறு துளிகளாகச் சிதறும். நாலு காசு சேர்ந்ததும் லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. அது நல்ல சிகிச்சை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் விசாரிப்பது விலையையும், ஏற்கெனவே செய்துகொண்ட நண்பரின் அனுபவத்தையும்தான். இரண்டுமே முடிவெடுக்கப் போதாதவை. உங்கள் கார்னியாவை அளந்து பார்த்தாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் நிறமற்ற தெளிந்த திசுதான் கார்னியா. அதில் ரத்தக் குழாய் கிடையாது. நடுப்பகுதியில் அதன் தடிப்பு சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கண்ணுக்கு ஒளியை வளைக்கும் திறன் மொத்தம் ஏறத்தாழ 60 டயோப்டர் என்றால், அதில் சுமார் 43 டயோப்டர் இந்த மெல்லிய திசுவின் வளைவிலிருந்தே கிடைக்கிறது. கிட்டப்பார்வைக்காரரின் கண் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்ட கண். முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டரை, மூன்று டயோப்டர் பவர் ஏறிவிடும். பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. லேசர் செய்வது ஒன்றுதான்: கார்னியாவின் நடுவில் கொஞ்சம் திசுவை எடுத்து, வளைவைத் தட்டையாக்கி, பிம்பத்தைப் பின்னால் தள்ளுகிறது. நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சிகிச்சையின் வேரில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். ரங்கசாமி சீனிவாசன் 1929இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949இல் இளங்கலையும் 1950இல் முதுகலையும் முடித்து, 1956இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1961இல் நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவர் ஈடுபட்டிருந்த வேலைக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. எக்சைமர் லேசரின் புற ஊதா ஒளியைப் பிளாஸ்டிக் மீது பாய்ச்சி, நுண்ணிய பள்ளங்களைச் செதுக்குவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக்கை இவ்வளவு சுத்தமாகச் செதுக்கும் ஒளி உயிருள்ள திசுவை என்ன செய்யும் என்ற கேள்வி அவருக்கும் சக ஆய்வாளர்களான ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருக்கும் எழுந்தது.

1981 நவம்பர் 27. அமெரிக்கர்கள் நன்றி நவிலும் நாளைக் கொண்டாடிய மறுநாள். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைச் சீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரை அதன் குருத்தெலும்பில் பாய்ச்சினார். வெட்டு ஓரம் துல்லியமாக இருந்தது, கருகலே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை நிற லேசரைப் பாய்ச்சியபோது சுற்றியிருந்த திசு தீய்ந்துபோனது. பிறகு ஒரு மனித முடியின் மீது பள்ளங்கள் செதுக்கி அவர்கள் எடுத்த நுண்ணோக்கிப் படம் உலகெங்கும் பரவியது. 1983இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல், சீனிவாசனோடு சேர்ந்து இந்த ஒளி கார்னியாவையும் அப்படியே செதுக்கும் என்று காட்டினார். 1988இல் மார்கெரிட் மெக்டொனால்ட் பார்வையுள்ள ஒரு கண்ணில் அதைச் செய்தார். சீனிவாசன், வைன், பிளம் மூவருக்கும் 2013 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் புத்தாக்கப் பதக்கம் அணிவித்தார்.

கருகாமல் வெட்டுவது எப்படி? லேசர் என்றால் சூடு, சூடு என்றால் எரிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். 193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு ஒளித்துகளிலும் 6.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. புரதத்தில் ஒரு கரி அணுவை இன்னொரு கரி அணுவோடு இணைக்கும் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3.6 போதும். ஆகவே அந்த ஒளி திசுவைச் சூடாக்கி எரிப்பதற்குப் பதிலாக, மூலக்கூற்றின் பிணைப்புகளையே அறுத்துவிடுகிறது. துண்டான மூலக்கூறுகள் வாயுவாக வெளியே பாய்ந்து, வந்த சூட்டையும் தங்களோடு கொண்டுபோய்விடுகின்றன. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரான் திசு போகும். அடியில் இருக்கும் திசுவுக்குச் செய்தியே எட்டாது. கத்தியால் எந்தக் கைக்கும் வராத துல்லியம் இது.

துல்லியம் இருக்கட்டும்; எடுத்தது திரும்ப வராது. இங்கே பால்மரம் சீவிய தலைமுறைக்கு இது சட்டென்று விளங்கும். உளி பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும், மரத்தைத் தொட்டுக் காயம் போடக் கூடாது. கொஞ்சம் ஆழம் கூடினாலும் அந்த இடம் கெட்டது. ஆனால் ஒழுங்காகச் சீவிய பட்டை சில ஆண்டுகளில் மறுபடி வளர்ந்துவிடும். கார்னியாவின் உள்திசுவான ஸ்ட்ரோமா வளராது. கண்ணுக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் உண்டு. அதைத் தாங்கி நிற்பது இந்த ஸ்ட்ரோமாவின் கொலாஜன் இழைகள்தாம். அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் கார்னியா மெல்ல மெல்ல முன்னால் பிதுங்கிக் கூம்பாகிவிடும். பார்வை கலங்கும்; கண்ணாடி போட்டாலும் சரியாகாது. ஜெர்மானிய மருத்துவர் தியோ சைலர் 1998இல், லேசிக் செய்தவர்களிடம் இப்படி நேர்ந்ததை முதலில் பதிவு செய்தார். அரிதாகவே நடக்கும், நடந்தால் பெரிய துன்பம்.

அதனால்தான் கணக்கு முக்கியம், அது ஒன்றும் பெரிய கணக்கும் இல்லை. கண்ணாடிக் கடையில் நாம் பவர் 400 என்று சொல்வது மைனஸ் 4 டயோப்டர். ஆறரை மில்லிமீட்டர் அகல வட்டத்தில் ஒரு டயோப்டரைக் குறைக்கச் சுமார் 14 மைக்ரான் எடுக்க வேண்டும். பவர் 400க்கு 56 மைக்ரான். லேசிக் என்றால் மேலே ஒரு மூடி திறப்பார்கள்; அது சுமார் 110 மைக்ரான், அதை இனித் தாங்கும் பலத்தில் சேர்க்க முடியாது. 540 மைக்ரான் கார்னியாவில் 166 போனால் 374 மிஞ்சும். நல்ல இருப்பு. இப்போது இன்னொருவரைப் பாருங்கள்: பவர் 800, கார்னியா 490 மைக்ரான்தான். எடுப்பது 112, மூடி 110, ஆக 222, மிஞ்சுவது 268. குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாளைய விதி. பல மருத்துவர்கள் 300 வேண்டும் என்பார்கள். இவர் 250ஐத் தாண்டுகிறார்தான், ஆனால் மொத்தத் தடிப்பில் 45 விழுக்காடு பாதிக்கப்படுகிறது. 40 விழுக்காட்டைத் தாண்டினாலே ஆபத்து கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இவரிடம் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரே நல்ல மருத்துவர். இன்னொரு மையத்தில் செய்து தருவார்கள் என்று தேடிப் போகாதீர்கள்.

தடிப்பு மட்டும் பார்த்தாலும் போதாது. நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கெரட்டோகோனஸ் என்னும் கூம்பு விழி நோயில், யாரும் லேசர் தொடாமலே கார்னியா மெலிந்து பிதுங்கும். பதின்ம வயதில் தொடங்கி முப்பதுகள் வரை வளரும். தெற்காசிய வம்சாவளியினரிடம் இது மற்றவர்களைவிட அதிகம். இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள ஆசியரிடம் வெள்ளையரைப்போல் நான்கு மடங்கு கண்டது. அவர்கள் பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினர். ஒவ்வாமையால் அரிக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பழக்கமும் இந்நோயோடு சேர்ந்தே காணப்படுகிறது. தொடக்க நிலையில் இதற்கு அறிகுறி சொல்ல எதுவும் இருக்காது. கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும், சிலாவ் (அஸ்டிக்மாடிசம்) ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கண்ணில் லேசர் வைப்பது பலவீனமான சுவரில் மேலும் கல்லைப் பிடுங்குவதாகிவிடும். குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இந்நோய்க்குச் சைலரும் அவருடைய கூட்டாளிகளும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாக்கி, 2003இல் முதல் முடிவுகள் வெளியான இழைப்பிணைப்புச் சிகிச்சை இருக்கிறது. ரிபோஃபிளேவின் சொட்டு மருந்தை விட்டு, புற ஊதா ஒளி காட்டி இழைகளை இறுக்குவது. நோய் மேலும் வளராமல் அது பெரும்பாலும் நிறுத்தும். எனவே லேசிக் பரிசோதனைக்குப் போய்க் கூம்பு விழி இருப்பது தெரிய வந்தால், அந்தப் பயணம் வீண் அல்ல. கண் காப்பாற்றப்பட்டது என்றே எண்ணுங்கள்.

ஆகவே பரிசோதனையில் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கார்னியாவின் முன்பக்க வரைபடம் மட்டும் போதாது, பின்பக்க வளைவையும் தடிப்பையும் காட்டும் வரைபடமும் வேண்டும். பென்டாகாம் போன்ற கருவிகள் அதைச் செய்கின்றன. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணீரின் அளவையும் தரத்தையும் சோதிக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மென்மையான வகை என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி வகை என்றால் அதைவிட நீண்ட காலம், பரிசோதனைக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். லென்ஸ் அழுத்திய கார்னியா தன் உண்மையான வடிவத்தைக் காட்டாது. பத்து நிமிடத்தில் பவரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் இடத்தில் உட்காரவே வேண்டாம்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது கிடையாது. அதற்கு மேலும் ஓராண்டாகவாவது பவர் அரை டயோப்டருக்கு மேல் மாறாமல் நின்றிருக்க வேண்டும். படிப்பு முடித்து வேலைக்குச் சேரும் இருபது, இருபத்தொன்று வயதில் பலருக்குப் பவர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும், அவசரப்பட வேண்டாம். கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் பவர் மாறும், எனவே ஒத்திப்போட வேண்டும். இனிப்பு நீர் நமக்கு இன்னொரு கவலை. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடமே அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் சேர்ந்து ஏறி இறங்கும், கார்னியாவின் காயம் ஆறுவதும் தாமதமாகும். இளைஞர்கள்கூடச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

செய்யும் முறைகள் மூன்று. மூன்றும் ஒன்றல்ல, விளம்பரத்தில் மட்டும் எல்லாம் லேசிக்காகிவிடுகிறது. முதலில் வந்தது பிஆர்கே. கார்னியாவின் மேல்தோலைத் துடைத்தெடுத்துவிட்டு, எக்சைமர் லேசரை நேராக மேற்பரப்பில் பாய்ச்சுவார்கள். மூடி கிடையாது, எனவே பலம் அதிகம் மிஞ்சும். பின்னாளில் அடிபட்டால் மூடி விலகும் பயமும் இல்லை. ஆனால் மேல்தோல் மறுபடி வளரும் மூன்று நான்கு நாளும் நல்ல வலி, பார்வை தெளிய வாரங்கள் ஆகும். சிலம்பம் ஆடுகிறவர்கள், கால்பந்தாட்டக்காரர்கள், கார்னியா மெல்லியவர்கள் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைப்பது வழக்கம். லேசிக்கில் மூடியைத் திறந்து, அடியில் லேசரைப் பாய்ச்சி, மூடியைத் திரும்ப வைப்பார்கள். கிரேக்க மருத்துவர் இயோன்னிஸ் பல்லிகாரிஸ் 1990 வாக்கில் செய்து காட்டிய முறை. மறுநாளே பார்வை தெளிந்துவிடும். அதுவே அதன் புகழுக்குக் காரணம். முன்பு மூடியைக் கத்தியால் வெட்டினார்கள், இப்போது பெரும்பாலும் ஃபெம்டோசெகண்ட் லேசரால் வெட்டுகிறார்கள். அந்த மிகக் குறுகிய துடிப்புகளை உருவாக்கும் வழியைக் கண்டதற்காக டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் முரூவும் 2018இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். மூன்றாவது ஸ்மைல்: கார்னியாவுக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை ஃபெம்டோசெகண்ட் லேசரால் வெட்டி, சில மில்லிமீட்டர் நீளமுள்ள கீறல் வழியாக உருவி எடுத்துவிடுவது. மூடி இல்லாததால் நரம்புகள் குறைவாக அறுபடும். கார்னியாவே பொருந்தாது என்றால், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் என்று இன்னொரு வழி இருக்கிறது. செலவு அதிகம், கண்ணைத் திறந்து செய்யும் அறுவைக்குரிய ஆபத்துகளும் உண்டு.

செய்யும் நாளைப் பற்றிப் பயப்பட அதிகம் இல்லை. மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போகும் சொட்டு மருந்துதான். இமையைத் திறந்து பிடிக்கும் கம்பி கொஞ்சம் சங்கடமாக இருக்கும். மூடி வெட்டும்போது ஒரு வளையம் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும். அழுத்தம் ஏறிப் பார்வை சில வினாடிகள் மங்கிக் கறுத்துவிடும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பதற்றம் வராது. பிறகு மின்னும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். எக்சைமர் லேசர் டிக் டிக் என்று சத்தம் போடும். முடி பொசுங்கும் வாடை வரும். கண் எரிகிறதோ என்று பதறாதீர்கள், பிணைப்பு அறுந்து பறக்கும் மூலக்கூறுகளின் வாடை அது. கண் சற்று அசைந்தால் கருவி பின்தொடரும், அதிகம் அசைந்தால் தானே நின்றுவிடும். லேசர் பாயும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

கோலாலம்பூரில் செய்துகொண்டு செனாவாங் திரும்புகிறவர்கள் தாங்களே காரோ மோட்டாரோ ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. கூட ஆள் வேண்டும், கொமுட்டர் ரயிலில் வருவதானாலும் அப்படியே. முதல் நாலைந்து மணி நேரம் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், கண்ணீர் கொட்டும். தூங்கிவிடுவதே மருந்து. மறுநாள் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கண்ணைக் கசக்கவே கூடாது, இரவில் கவசம் ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். திருநீறு கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண் மை, எண்ணெய்க் குளியல், நீச்சல் எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை தள்ளிவைக்க வேண்டியவை. வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நோய்த்தொற்று அரிது, ஆனால் காத்திருக்காது.

பலர் எதிர்பார்க்காத தொல்லை கண் உலர்வு. கார்னியாவின் நரம்புகள் அறுபடுவதால், கண்ணீர் வேண்டும் என்ற செய்தி சுரப்பிக்குச் சரியாகப் போவதில்லை. நரம்பு வளர ஆறு மாதம், ஓராண்டு ஆகும். நாள் முழுக்கக் குளிர்காற்றில், நுண்ணோக்கியை இமைக்காமல் பார்த்துச் சில்லுகளைச் சோதிக்கும் தொழிலாளிக்கு இது மற்றவர்களைவிட அதிகம் உறைக்கும். புகைமூட்டக் காலத்தில் இன்னும் மோசம். வேலை இடத்தை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது இரவு. இருட்டில் பாப்பா விரிகையில், சீர்செய்த வட்டத்தின் ஓரம் வழியாகவும் ஒளி புகலாம். விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் கதிர்களும் தெரியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடத்திய பிரௌல் ஆய்வில் சிகிச்சைக்கு முன்பு இத்தகைய குறை எதுவும் இல்லாதவர்களில், மூன்று மாதம் கழித்து 46 விழுக்காடு வரை ஏதாவது ஒரு புதிய பார்வைக் குறையைச் சொன்னார்கள். உலர்வு இல்லாதிருந்தவர்களில் 30 விழுக்காடு வரை உலர்வைச் சொன்னார்கள். அதே ஆய்வில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றும் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்தே உண்மை. ஒளிவட்டம் தெரிந்தாலும் கண்ணாடி இல்லாத சுதந்திரம் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. இரவெல்லாம் நெடுஞ்சாலையில் லோரி ஓட்டுகிறவருக்கு அதே ஒளிவட்டம் பெரிதாகப் படலாம். உங்கள் வேலையை வைத்து நீங்களே எடை போட வேண்டியது இது. போலீஸ், ராணுவம், விமானம் என்று போக நினைக்கும் பிள்ளைகள், எந்த முறையை அந்தச் சேவை ஏற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளெழுத்து கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் இறுக்கத்தால் வருவது. கார்னியாவைத் திருத்துவதால் அது நிற்காது. கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழ் படிப்பார் அல்லவா, அந்த வசதியும் லேசருக்குப் பின் போய்விடும். படிக்கக் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும்.

செலவு பெரும்பாலும் சொந்தக் காசுதான், மெடிக்கல் கார்டுகள் இதை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. 2024 மே மாதம் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு வந்த பிறகு அதிலிருந்து எடுத்துச் செய்துகொள்ளலாம் என்ற எண்ணமும் பலருக்கு வருகிறது. எடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் சொன்ன விலையில் பரிசோதனை, மருந்து, ஓராண்டுத் தொடர்கண்காணிப்பு, பவர் திரும்பினால் மறுசிகிச்சை எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முந்தைய கார்னியா வரைபடத்தையும் பவர் விவரத்தையும் பிரதி எடுத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அறுபது வயதில் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் அளவைக் கணக்கிட அந்த எண்கள் உதவும். திருத்தப்பட்ட கார்னியாவில் வழக்கமான சூத்திரம் தவறிவிடும். கண் அழுத்தம் பார்க்கும்போதும் லேசர் செய்ததைச் சொல்லுங்கள், மெலிந்த கார்னியாவில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கண் அழுத்த நோயான குளுக்கோமா தெரியாமல் போய்விடக் கூடாது. பவர் 600, 800 என்று இருந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும். நீண்ட கண்ணின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், அது கிழியலாம். திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்குவதுபோல் இருந்தாலோ மறுநாளுக்கென்று தள்ளாமல் அன்றே சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.